ஹான் காங்கின் நாவலும் ஊட்டிவிடும் கைகளும்

தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘த வெஜிடேரியன்’ நாவலைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் இரண்டு சொற்களைக் கைவிடுவதில்லை. ஒன்று மீயதார்த்தம். மற்றையது திகில். 2024 ஒக்டோபர் 10 ஆம் திகதி அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பின்னர் இவ்விரு சொற்களும் இன்னும் கூடுதலாகப் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. இறைச்சி உண்பதை நிறுத்திய ஒரு பெண், ஈற்றில் மரமாகிவிட விரும்புகிறாள் என்று கதையை ஒரு வாக்கியத்தில் சுருக்கினால் அச்சொற்கள் பொருத்தமாகவே தோன்றும். நாவலை ஆங்கிலத்தில் இரண்டு தடவைகள் வாசித்தவன் என்ற முறையில் எனது அபிப்பிராயம் சற்று வேறானது. இதில் திகில் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால், கனவுகளிலும் மரமாகும் ஆசையிலும் அது இருப்பதாகப் பலரும் சுட்டிக்காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

நாவலை இன்னமும் வாசிக்காதவர்கள் எவரேனும் இருப்பின், கதையை நான் ஒளித்துவைக்கப் போவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2004, 2005 ஆம் ஆண்டுகளில் சஞ்சிகைகளில் தனித்தனியே வெளியான மூன்று குறுநாவல்களே 2007 இல் கொரிய மொழியில் ஒரே நூலாயின. மூன்றும் யொங்ஹே என்ற பெண்ணைப் பற்றியவை. ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் அவள் சொல்லவில்லை. முதலாவதை அவளுடைய கணவன் சொல்கிறான். இரண்டாவது, அக்காவின் கணவனைப் பின்தொடர்ந்து செல்கிறது. மூன்றாவது, அக்காவான இன்ஹேயின் மனதிலிருந்து எழுதப்பட்டது. யொங்ஹேக்குக் கிடைப்பதெல்லாம் இடையிடையே சாய்வெழுத்தில் வரும் சில கனவுப் பத்திகள் மாத்திரமே. எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளிடம் கேட்பவர் எவருமில்லை.

கணவனின் குரலை வாசித்தவர்களால் அதை இலகுவில் மறக்க முடியாது. எந்தவிதமான சிறப்பும் இல்லாதவள் என்பதற்காகவே அவளை மணந்ததாக எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறான். அவன் கொடியவன் அல்லன். அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போகிறவன். மேலதிகாரியின் தயவை விரும்புகிறவன். காலையில் சேட் மினுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும், இரவில் கறி இருக்க வேண்டும் என்பதற்கு மேல் வாழ்க்கையில் பெரிதாக எதையும் எதிர்பாராதவன். ஒரு விடியற்காலையில் மனைவி குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நிற்பதைக் காண்கிறான். பின்னர் அவள் வீட்டிலிருந்த இறைச்சி, மீன் முழுவதையும் எடுத்து வீசுகிறாள். ஏனென்று கேட்டால், தனக்கு ஒரு கனவு வந்ததாக மட்டும் சொல்கிறாள். அந்தக் கனவு என்னவென்று அவன் ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. எறியப்பட்ட இறைச்சியின் விலையைத்தான் கணக்கிடுகிறான். என்னைப் பொறுத்தவரை நாவலின் முதலாவது பயங்கரக் காட்சி இதுதான். இரத்தமும் தொங்கும் இறைச்சியும் நிறைந்த கனவுகள் அதற்குப் பிறகே வருகின்றன. வாசகனை அவை அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை.

அதன் பின்னர் அந்த மதிய உணவு. அக்காவின் புதிய வீட்டில் குடும்பம் முழுவதும் கூடியிருக்கிறது. தாய், தந்தை, அக்கா, தம்பி, அவர்களது துணைகள் எல்லோரும் மேசையைச் சூழ இருக்கிறார்கள். ஒவ்வொருவராக அவளைச் சாப்பிடும்படி வற்புறுத்துகிறார்கள். எல்லாமே அன்பான வார்த்தைகள். உன் முகத்தைப் பார், எவ்வளவு மெலிந்துவிட்டாய் என்ற வகையிலான வார்த்தைகள். அவள் மறுக்கிறாள். தந்தை அவளை அறைகிறார். தம்பியையும் மருமகனையும் கைகளைப் பிடித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, பன்றி இறைச்சித் துண்டொன்றை அவளது வாய்க்குள் பலவந்தமாகத் திணிக்கிறார். அவள் அதைத் துப்பிவிட்டு, பழம் வெட்டும் கத்தியை எடுத்துத் தன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறாள்.

வைத்தியசாலைக்கு வரும் தாய், மூலிகைக் கஷாயம் என்று சொல்லி கறுப்பு ஆட்டின் சாற்றைப் பருக்கப் பார்க்கிறாள். இதுவும் பாசத்தினால்தான். மூன்றாவது பகுதியில், எந்த உணவையும் ஏற்காமல் எலும்பும் தோலுமாகக் கிடக்கும் அவளுக்கு மனநல வைத்தியசாலையின் வைத்தியர்கள் மூக்கு வழியாகக் குழாய் செலுத்த முயல்கிறார்கள். இதுவும் அவளுடைய உயிரைக் காப்பதற்காகவே. தந்தையின் கை, தாயின் கிண்ணம், வைத்தியரின் குழாய் ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் இந்த நாவலின் கட்டுமானம் புலப்படும். மூன்று தரப்பினரும் நல்லதையே செய்ய விரும்புகிறார்கள். மூன்று தரப்பினரும் அவளைப் பிடித்து அழுத்துகிறார்கள். திகில் கதைகளில் வழக்கமாகப் பேயோ கொலையாளியோ வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்கக் கதவைச் சாத்துவார்கள். இங்கு கதவைச் சாத்துவதில் பயனில்லை. ஊட்டிவிடும் கைகள் உள்ளேதான் இருக்கின்றன.

அந்தத் தந்தை யார் என்பதைப் பல மதிப்புரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவர் வியட்நாம் போரில் பங்கேற்றுப் பதக்கம் பெற்றவர். தாம் கொன்ற வியட்கொங் போராளிகளைப் பற்றிப் பெருமையாகக் கதை சொல்பவர். 1964 முதல் 1973 வரையிலான காலத்தில் தென்கொரியா மூன்று இலட்சத்துக்கும் அதிகமான படையினரை அமெரிக்காவின் பக்கத்தில் நின்று போரிட வியட்நாமுக்கு அனுப்பியது. அங்கு சில கிராமங்களில் அவர்கள் பொதுமக்களைக் கொன்றதைப் பற்றிக் கொரியாவில் நீண்ட காலம் வாய் திறப்பாரில்லை. 1968 இல் நடைபெற்ற ஃபொங் நீ படுகொலையில் உயிர்தப்பிய பெண்ணொருவருக்கு அரசாங்கம் இழப்பீடு வழங்க வேண்டுமென்று சோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 பெப்ரவரியில்தான். 55 ஆண்டுகள் கழித்து.

ஹான் காங் இவற்றில் எதையும் நாவலில் விளக்குவதில்லை. பதக்கம் பெற்ற மனிதர் ஒருவர், சிறுவயதில் யொங்ஹேயைக் கடித்த நாயை மோட்டார் சைக்கிளில் கட்டி, அது சாகும்வரை இழுத்துச் செல்கிறார். பின்னர் அந்த நாயின் இறைச்சியைச் சிறுமியும் உண்ணவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் சொல்லப்படுகிறது. (நாயிறைச்சி வர்த்தகத்தை 2027 முதல் தடை செய்யும் சட்டத்தைக் கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் நிறைவேற்றியது. அதைக் கொண்டு இந்தக் காட்சி பழையதாகிவிட்டதென்று யாராவது சொன்னால் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.) ஹான் காங் 1970 இல் குவாங்ஜூ நகரில் பிறந்தவர். 1980 மே மாதம் அந்நகரில் இராணுவம் மக்களைக் கொன்று குவிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே அவரது குடும்பம் சோலுக்கு இடம்பெயர்ந்திருந்தது. அப்படுகொலையைப் பற்றி அவர் பின்னாளில், 2014 இல், தனி நாவலே எழுதினார். ‘த வெஜிடேரியன்’ நாவலைக் குடும்பக் கதை என்றும் மற்றையதை அரசியல் கதை என்றும் பிரிப்பது எனக்கு உடன்பாடானதல்ல. போர் முடிந்ததும் ஆயுதங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிடித்து அழுத்தும் பழக்கத்தை யாரும் திருப்பி வாங்குவதில்லை. அது வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அமர்ந்துகொள்கிறது. 2009 இல் போர் முடிந்த ஒரு நாட்டில் இருந்துகொண்டு வாசிக்கும் எனக்கு இந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிச் செல்ல முடியவில்லை.

இரண்டாவது பகுதியைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. கொரியாவில் யி சாங் இலக்கிய விருதை 2005 இல் பெற்றது அந்தப் பகுதிதான் என்றபோதிலும், மூன்றிலும் அதுவே பலவீனமானது என்பது எனது எண்ணம். வீடியோக் கலைஞனான அக்காவின் கணவன், யொங்ஹேயின் உடலில் குழந்தைப் பருவத்து நீல நிற மச்சம் இன்னும் மறையாமல் இருப்பதை அறிந்து, அதனால் ஆட்கொள்ளப்பட்டு, அவள் உடலில் பூக்களை வரைந்து படம்பிடிக்கிறான். கலை என்ற பெயரில் இன்னொருவர் அவளை எடுத்து உபயோகிக்கிறார் என்பதற்கு மேல் அதில் நிற்பதற்கு இடமில்லை. ஆயினும் தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. எங்களுடைய வழக்கில் மச்சம் என்றால் உடலில் உள்ள மறுவும்தான், மீனும் இறைச்சியும்தான். மச்சத்தைக் கைவிட்டவளின் உடலில் இருந்த மச்சம் அவளைக் காட்டிக்கொடுத்தது என்று எழுதினால் அது இலங்கைத் தமிழில் மட்டுமே கைகூடும் ஒரு வாக்கியம்.

நாவலை உண்மையில் தூக்கி நிறுத்துபவள் மூன்றாம் பகுதியில் வரும் இன்ஹே. அழகுசாதனக் கடை நடத்துகிறாள், மகனை வளர்க்கிறாள், கணவனும் பெற்றோரும் கைவிட்டுப்போன தங்கையை வைத்தியசாலையில் சென்று பார்க்கிறாள். தங்கை கைகளை நிலத்தில் ஊன்றித் தலைகீழாக நிற்கிறாள். கைகளிலிருந்து வேர் இறங்குவதாகவும் தனக்குத் தண்ணீரும் வெயிலும் போதுமென்றும் நம்புகிறாள். அந்தக் கட்டத்தில் இன்ஹேயின் நினைவுக்கு வருவது சிறுவயது வீடு. தந்தையின் அடிகள் பெரும்பாலும் தங்கையின் மீதே விழுந்தன. மூத்தவள் அடியிலிருந்து தப்பியது, குடித்துவிட்டு வரும் தந்தைக்குச் சூப் வைத்துக் கொடுத்தபடியால். பொறுப்புள்ள பிள்ளை என்று பெயரெடுத்ததெல்லாம் பயத்தினால் கற்றுக்கொண்ட தந்திரமே என்று அவளுக்குப் புரிகிறது. தங்கை உண்ண மறுத்தவள். அக்கா சமைத்துக் கொடுத்துப் பிழைத்தவள். தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய மூத்த பெண்பிள்ளைகளை அறியாதவர் எவர்? நாவல் பெற்ற புகழில் பெரும்பங்கு மரமாக விரும்பியவளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கோ, விடிந்ததும் மகனைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் கடையைத் திறக்கவேண்டியவளின் பகுதிதான் இரண்டாவது வாசிப்பிலும் நித்திரையைக் கெடுத்தது.

இனி மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். மேற்சொன்னவற்றுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஆங்கில மொழிபெயர்ப்பாளரான டெபோரா ஸ்மித், கொரிய மொழியைக் கற்கத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே இந்நாவலை மொழிபெயர்த்தார். 2015 இல் லண்டனில் வெளியான அந்நூல் 2016 இல் மான் புக்கர் சர்வதேசப் பரிசை வென்றது. 50,000 பவுண் பரிசுத்தொகை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பகிரப்பட்டது. அதன் பின்னர் கொரியாவில் பூகம்பம் கிளம்பியது. 2017 இல் லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையில் எழுதிய சார்ஸ் யூன், முதலாவது பகுதியில் 10.9 சதவீதம் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருப்பதாகவும் 5.7 சதவீதம் விடுபட்டிருப்பதாகவும் கூறும் ஆய்வொன்றைச் சுட்டிக்காட்டினார். கொரிய மொழியில் கையைக் குறிக்கும் சொல்லும் பாதத்தைக் குறிக்கும் சொல்லும் முதல் எழுத்தின் ஒலியில்தான் வேறுபடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டார். (தமிழில் எழுதினால் இரண்டுக்குமே பகரம்தான், நாம் சிரிப்பதற்கில்லை.) கொரிய மொழியில் எழுவாய் அடிக்கடி தொக்கி நிற்கும். தமிழிலும் அப்படித்தான், ஆனால் தமிழில் வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்; கொரிய வினைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒருவர் சொன்னது இன்னொருவர் வாயில் போய்விட்ட இடங்களும் உண்டு. பின்னர் சுமார் 60 திருத்தங்கள் பதிப்பாளரிடம் கையளிக்கப்பட்டன. அப்பிழைகள் நூலைச் சேரவிடாமல் தடுத்ததாகத் தாம் கருதவில்லை என்று ஹான் காங்கே சொல்லிவிட்டார்.

கையும் பாதமும் மாறியது எனக்குப் பெரிய விடயமாகப்படவில்லை. யூனின் இரண்டாவது குற்றச்சாட்டுத்தான் யோசிக்க வைக்கிறது. மூலத்தில் வரண்டும் அடங்கியும் இருக்கும் நடைக்கு ஆங்கிலத்தில் அடைமொழிகளும் அழுத்தங்களும் ஏற்றப்பட்டிருக்கின்றன என்கிறார் அவர். ரேமண்ட் காவரைச் சார்ள்ஸ் டிக்கன்ஸின் தொனியில் பேசவைப்பதற்கு இதை அவர் ஒப்பிட்டார். ஒடுங்கிய சுபாவமுள்ள யொங்ஹே ஆங்கிலத்தில் கூடுதலான எதிர்ப்புணர்வு கொண்டவளாகத் தெரிகிறாள் என்றும் சொல்லப்பட்டது.

இரவுப் பணியில் அமர்ந்து ராய்ட்டர் செய்திகளைத் தமிழாக்கிய எவருக்கும் இந்த நோய் பரிச்சயமானது. மூலத்தில் ‘இறந்தனர்’ என்று மட்டும் இருக்கும். தமிழில் அது ‘துடிதுடித்து மாண்டனர்’ என்று இறங்கும். மொழிபெயர்ப்பவருக்கு மொழி தெரியாமையினால் இது நேர்வதில்லை. மூலத்தின் குளிர்ச்சியை அவரால் தாங்க முடியாமற் போவதனால் நேர்கிறது. வாசகருக்கு உணர்ச்சி போதாமல் போய்விடுமோ என்ற பயம். இந்த நாவலிலோ அந்தக் குளிர்ச்சிதான் எல்லாமே. கணவன் தன் மனைவியின் வீழ்ச்சியைக் கடைக்கணக்குச் சொல்வதைப்போலச் சொல்கிறான் என்பதே பயங்கரம். அவனுடைய வாக்கியத்தில் ஒரு அடைமொழி கூடினால் அவன் ஒரு பாகை மனிதனாகிவிடுகிறான், வாசகரின் நடுக்கமும் ஒரு பாகை குறைந்துவிடுகிறது. அதேபோல, யொங்ஹேயை ஒரு போராளியாக வாசிப்பது நமக்குச் சௌகரியமானது. போராளிக்குப் பக்கத்தில் நாமும் போய் நின்றுகொள்ளலாம். எதற்கும் போராடாமல், வெறுமனே உண்ண மறுக்கும் ஒருத்தியின் பக்கத்தில் நிற்பது கடினம். மேசையில் இருந்த ஒருவரும் நிற்கவில்லை.

இதை வைத்து டெபோரா ஸ்மித்தைத் தூற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் இல்லாவிட்டால் நம்மிற் பெரும்பாலோர் ஹான் காங் என்ற பெயரையே அறிந்திருக்கமாட்டோம். ஆனால் தமிழுக்கு இந்நூல் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்து சேர வேண்டுமா என்ற கேள்வியை இப்போதாவது எழுப்பவேண்டும்.

தமிழில் இந்நாவலைக் கவிஞர் சமயவேல் ‘மரக்கறி’ என்ற பெயரில் தந்திருக்கிறார். அந்தத் தலைப்பைக் கண்டதும் மகிழ்ந்தேன். யாழ்ப்பாணத்துச் சந்தையில் கத்தரிக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் பொதுப்பெயராக இருக்கும் சொல் அது. ‘சைவம்’ என்று வைத்திருந்தால் நாவல் முதல் பக்கத்திலேயே கெட்டுப்போயிருக்கும். நமக்குச் சைவம் என்பது கோயில், விரதம், கௌரவம், சாதி எல்லாம் சேர்ந்த ஒரு சொல். வெள்ளிக்கிழமையில் மச்சம் உண்ணாத மகளை எந்தத் தமிழ்த் தந்தையும் அறையமாட்டார், மெச்சுவார். கொரியத் தந்தை அறைகிறார் என்றால், அங்கே மறுக்கப்பட்டது இறைச்சி மட்டுமல்ல என்பது தமிழ் வாசகருக்குத்தான் சற்றுத் தாமதமாகப் புரியும். அவள் மறுத்தது மேசையை. நம்மிடையே அதற்கு இணையானதைத் தேடினால் உணவில் கிடைக்காது. கலியாணப் பேச்சில் கிடைக்கலாம்.

மறுபுறத்தில், ஆங்கிலத்தால் தொட முடியாத இடங்கள் சில தமிழுக்கு இயல்பாகக் கைகொடுக்கும். கொரியக் குடும்பங்களில் மருமகனைக் குடும்பப் பெயரோடு ‘சொபாங்’ என்ற சொல்லைச் சேர்த்து அழைப்பார்கள். மனைவியின் தங்கைக்கு ஒரு பெயர், அக்காவுக்கு வேறு பெயர். யார் யாருக்கு எந்த மரியாதையில் பேசவேண்டுமென்பது வினையின் ஈற்றிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் கணவன் ‘மிஸ்டர் சொங்’ ஆகிவிடுகிறான். குடும்பத்துக்குள் அலுவலக வாடை வந்துவிடுகிறது. நம்மிடம் மாமா, மருமகன், மச்சாள், அத்தான் என்று எல்லாமே தயாராக இருக்கின்றன. தங்கையின் கணவனிடம் தந்தை ‘பிடி’ என்று ஏவுகிறாரா, ‘பிடியுங்கோ’ என்று கேட்கிறாரா என்பதில் அந்தக் காட்சியின் பாதி உயிர் இருக்கிறது. அமெரிக்கப் பாதிரியாரான ஹோமர் ஹல்பர்ட் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905 இலேயே ஓர் இலக்கணம் எழுதினார். இரண்டும் உறவு மொழிகள் என்பதை மொழியியலாளர் ஏற்பதில்லை. நானும் அந்த வாதத்துக்குள் போகவில்லை. ஆனால் வினையை ஈற்றில் வைத்து, உறவுமுறை சொல்லி அழைத்து, மூத்தவர் முன் குரலைத் தாழ்த்தும் இரண்டு மொழிகளுக்கிடையில் ஆங்கிலத்தை நடுவராக அமர்த்துவது எனக்கு விநோதமாகவே படுகிறது. ரஷ்ய இலக்கியத்தையும் லத்தீன் அமெரிக்க இலக்கியத்தையும் பெரும்பாலும் அவ்வாறுதான் படித்தோம். அன்றைக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

இன்றைக்கு வழி இருக்கிறது. சென்னைக்கு அருகில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998 இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து அங்கு கொரியர் வசிக்கிறார்கள். கொரிய மொழி கற்பிக்கப்படுகிறது. கொரியத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் செல்வதற்காக நமது நாட்டு இளைஞர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கொரிய மொழிப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிங்கள இளைஞர்கள் எனினும் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொழிற்சாலையின் விடுதியில், கொரிய மேற்பார்வையாளர் தன்னை எந்த விகுதியில் அழைக்கிறார் என்பதை ஒவ்வொரு நாளும் செவியால் அளந்து வாழும் அந்தப் பிள்ளைகளுக்கு, இன்ஹேயின் வீட்டு மேசையில் யார் யாரை எப்படி விளித்தார்கள் என்பது விளங்கும். நாவலின் முதற்பகுதியை மட்டுமாவது அவர்களில் ஒருவர் கொரிய மொழியிலிருந்து நேரே தமிழில் எழுதிப் பார்க்கட்டும். வெளியிடுவதற்குச் சஞ்சிகை தேடித்தருவதை என் பொறுப்பில் விடலாம்.